சிரிப்புக்கு ஒரு மேலொட்டு: பல் வெனீர்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

– இறுதியாண்டு இயந்திரவியல் மாணவர்



"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள் பெரியவர்கள். பல் போகாமலே சொல் போன ஒருவனை எனக்குத் தெரியும். வேறு யாருமில்லை, விடுதியில் என் அறைத்தோழன்தான். படிப்பில் கெட்டிக்காரன். தெர்மல் கணக்கு என்றால் அவன் கட்டிலைச் சுற்றித்தான் கூட்டம். ஆனால் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும். குரூப் போட்டோவில் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பான். காரணம், மேல்வரிசை முன்பற்களில் பழுப்புக் கறை. பிரஷ் போட்டால் போகிற கறை இல்லை, பல்லோடு பிறந்த கறை.

எங்கள் துறையில் மாதிரி நேர்முகத் தேர்வு வைத்தார்கள். வந்தவர், "தம்பி, பதில் எல்லாம் சரி. ஏன் வாயைத் திறக்காமலே பேசுறீங்க?" என்று கேட்டுவிட்டார். அந்த வாரமே நம்மாள் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போய் வந்தான். "மேலே எட்டுப் பல்லையும் செதுக்கி கேப் போட்டுடலாமாம். அடுத்த வாரமே வரச் சொல்றாங்க. அம்மா செயினை அடகு வைக்கலாம்னு சொல்லிட்டாங்கடா" என்றான்.

எனக்கு முதலாமாண்டு ஃபிட்டிங் ஷாப் ஞாபகம் வந்தது. அரத்தைக் கையில் கொடுத்தவுடன் நமக்குச் சொன்ன முதல் பாடம் என்ன? "அளவுக்கு மேலே இருந்தா இன்னும் ராவிக்கலாம். அளவுக்குக் கீழே போயிட்டா ஸ்கிராப்." எட்டுப் பல்லைச் செதுக்குவதற்கு முன்னால் டிராயிங் பார்க்க வேண்டாமா?

"டேய், ஒரு வாரம் பொறு. இன்னொரு டாக்டரையும் கேட்போம்" என்று அவனை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே கேட்டதும், பிறகு படித்ததும்தான் இந்தக் கட்டுரை. அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போட்டுடாதே" என்றான். போடவில்லை.

பல் என்னும் மெட்டீரியல்

வேலைக்கு முன் மெட்டீரியலைப் பார்ப்போம். பல்லின் வெளி ஓடு எனாமல். எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்பு. மோ கடினத்தன்மை அளவில் 5, அதாவது மைல்டு ஸ்டீலைவிடக் கடினம். ஆனால் வார்ப்பிரும்பு போல நொறுங்கும் தன்மை உடையது. அதன் உள்ளே டென்டின். அது கொஞ்சம் மென்மை, கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதற்கும் உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள கூழ்.

யங்ஸ் மாடுலஸ் படித்தோமே, அந்தக் கணக்கில் எனாமலுக்குச் சுமார் 80 கிகா பாஸ்கல், டென்டினுக்குச் சுமார் 18. கடினமான ஓடு, அதைத் தாங்கும் மெத்தை. இயற்கையின் காம்போசிட் டிசைன்!

இந்த ஓடு எவ்வளவு தடிமன் தெரியுமா? மேல் முன்பல்லின் முகப்பில், ஈறு ஓரத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நடுவில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி. கடிக்கும் விளிம்பில் சற்றுக் கூடுதல். அவ்வளவுதான். எனாமலைக் கட்டிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. அதனால் எலும்பு முறிந்தால் கூடுவது போல எனாமல் கூடாது. போனது போனதுதான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கறை வந்த வழி

"நான் ஒழுங்காத்தான் பல் தேய்ச்சேன் டாக்டர்" என்று நண்பன் அழாக்குறையாகச் சொன்னான். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "உங்க மேல தப்பில்லை தம்பி. சொந்த ஊர் எது?" என்றார். தருமபுரிப் பக்கம் என்றான். "தண்ணி" என்றார் ஒரே வார்த்தையில்.

இந்தக் கறையின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1901-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வந்த ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், ஊர்க்காரர்கள் பலருக்கும் பல் பழுப்பாக இருப்பதைக் கண்டு வியந்தார். காரணம் தேடி முப்பது ஆண்டுகள் அலைந்தார். 1931-இல் ஒரு அலுமினியக் கம்பெனியின் தலைமை வேதியியலாளர் சர்ச்சில், தண்ணீரைச் சோதித்து ஃப்ளூரைடு அதிகம் என்று கண்டுபிடித்தார். எனாமல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் ஃப்ளூரைடு மிகுந்த தண்ணீரைக் குடித்தால் எனாமல் சரியாக முற்றாமல் வெள்ளைத் திட்டாகவோ பழுப்பாகவோ ஆகிவிடுகிறது. இதுதான் ஃப்ளூரோசிஸ்.

இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறை நிலத்து ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் இது மிஞ்சிய கதை நாடறிந்தது. அதற்காகவே வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. என் நண்பன் பிறந்தது 2006-இல். நிலைத்த முன்பற்களின் எனாமல் நாலைந்து வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். காவிரித் தண்ணீர் வருவதற்குள் அவன் பல் முடிந்துபோன ஜாப்!

வெனீர் என்றால் என்ன?

பிளைவுட் மேல் தேக்கு வெனீர் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான். பல்லின் முகப்பில் மெல்லிய ஓடு ஒன்றை ஒட்டி நிறம், உருவம், சிறு இடைவெளி, விளிம்பு உடைசல் இவற்றை மறைப்பது பல் வெனீர். பல்லைச் சுற்றிலும் தொப்பி மாதிரி மூடினால் அது கேப், அதாவது கிரவுன். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலில் இதைச் செய்து காட்டியவர் கலிபோர்னியாவின் சார்லஸ் பின்கஸ். 1920-களின் இறுதியிலும் 1930-களிலும் ஹாலிவுட் நடிகர்களின் பல் திரையில் அழகாகத் தெரிய மெல்லிய ஓடுகள் செய்து கொடுத்தார். குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளுக்குப் பால் பல் விழுந்த இடத்தை மறைத்ததும் அவரே. ஆனால் அது பல்செட் ஒட்டும் பொடியில் நின்ற ஓடு. ஷூட்டிங் முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டியதுதான். ஓடு செய்யத் தெரிந்தது, ஒட்டத் தெரியவில்லை.

ஒட்டும் வழி நம்முடைய தொழிற்சாலைப் பக்கத்திலிருந்துதான் வந்தது! உலோகத்தில் பெயிண்ட் பிடிக்க பாஸ்பாரிக் அமிலம் போடுவார்கள் அல்லவா? அதைக் கவனித்த மைக்கேல் புவோனகோர் 1955-இல் அதே அமிலத்தை எனாமலில் போட்டுப் பார்த்தார். பிசின் சிக்கெனப் பிடித்தது. 1962-இல் ரஃபேல் போவன் என்பவர் எபாக்சியும் மெத்தக்ரிலேட்டும் கலந்த புதுப் பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பல் காம்போசிட்டின் தாய் அதுதான். 1983 வாக்கில் பீங்கானின் உட்பக்கத்தையும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தால் அரித்து ஒட்டலாம் என்று தெரிந்தது. அதன் பிறகே வெனீர் நிரந்தர வைத்தியம் ஆனது.

டைல்ஸ் ஒட்டுகிற மாதிரிதான்

வீட்டில் டைல்ஸ் ஒட்டும்போது கொத்தனார் என்ன செய்கிறார்? வழவழப்பான சுவரை முதலில் கொத்திவிடுகிறார். டைல்ஸின் பின்புறமும் வரிவரியாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சிமெண்ட். வெனீரிலும் அப்படியே.

பல்லின் மேல் முப்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலான பாஸ்பாரிக் அமில ஜெல்லை அரை நிமிடம் வைத்துக் கழுவுவார்கள். கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். பீங்கானின் உட்புறத்தை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தால் அரித்து, சிலேன் என்ற இணைப்பு மருந்தைப் பூசுவார்கள். நடுவே ரெசின் சிமெண்ட். நீல விளக்கைக் காட்டியதும் இறுகிவிடும்.

எனாமலில் இந்த ஒட்டின் வலிமை சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 20 நியூட்டன். ஒரு மேல் முன்பல்லின் முகப்பு ஏறத்தாழ 80 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 1600 நியூட்டன்! முன்பல்லால் நாம் கடிக்கும் விசை 100 முதல் 200 நியூட்டன்தான். பேப்பர் கணக்கு என்றாலும் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி எவ்வளவு என்று புரியும். கையில் எடுத்தால் அப்பளம் போல உடையும் அரை மில்லிமீட்டர் பீங்கான், எனாமலில் ஒட்டியதும் பல்லோடு பல்லாக நிற்பது இதனால்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை. அடியில் எனாமல் இருக்க வேண்டும். அதிகம் செதுக்கி டென்டின் வரை போய்விட்டால் நிலைமை வேறு. டென்டினில் ஈரம் உண்டு, நுண்குழாய்கள் உண்டு, ஒட்டு அவ்வளவு உறுதிப்படாது. மேலே விறைப்பான பீங்கான், கீழே வளையும் டென்டின் என்றால், கடிக்கும் போதெல்லாம் ஓடு வளைந்து விரிசல் விழும். ஈரச் சுவரில் ஒட்டிய டைல்ஸ் கதைதான்.

வகை வகையாய்ப் பார்ப்போம்

1. காம்போசிட் வெனீர்: பிசினில் கண்ணாடித் தூள் கலந்த பசை. டாக்டர் பல்லின் மேலேயே அடுக்கடுக்காக வைத்து, விளக்கால் இறுக்கி, தேய்த்து மெருகேற்றுவார். கார் டிங்கரிங்கில் பட்டி பார்ப்பது போல. ஒரே நாளில் முடியும். பல பற்களுக்குச் செதுக்கலே தேவைப்படாது. விலை குறைவு. உடைந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போடலாம். குறை என்ன? டீ, காபி, வெற்றிலை, புகை எல்லாவற்றின் நிறத்தையும் மெதுவாக வாங்கிக்கொள்ளும், மெருகு மங்கும். சூட்டில் எனாமலைவிட இரண்டு மூன்று மடங்கு விரியும் என்பதால் விளிம்பு காலப்போக்கில் பிரியலாம். பொதுவாக ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் என்று சொல்கிறார்கள். நடுவே பாலிஷ் போட வேண்டியிருக்கும். செய்பவர் கைத்திறன்தான் பாதி வேலை.

2. ஃபெல்ட்ஸ்பார் பீங்கான் வெனீர்: பல் லேபில் டெக்னீஷியன் பீங்கான் தூளைக் குழைத்து அடுக்கி, உலையில் சுட்டு எடுப்பது. வெளிச்சம் ஊடுருவும் அழகில் இதுவே இயற்கைப் பல்லுக்கு மிக அருகில். அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே செய்யலாம். ஆனால் வளைவு வலிமை 60 முதல் 100 மெகா பாஸ்கல்தான். எனாமலின் ஆதரவு இல்லாமல் இதற்கு வாழ்வில்லை. கெட்ட கருப்பை மறைக்கவும் மெல்லிய ஓட்டால் முடியாது.

3. லித்தியம் டைசிலிகேட்: 1998-இல் பல் மருத்துவத்துக்கு வந்த கண்ணாடிப் பீங்கான். கண்ணாடிக்குள்ளே ஊசி ஊசியான படிகங்கள் பின்னிக் கிடக்கும், காங்கிரீட்டில் கம்பி போல. விரிசல் ஓட முயன்றால் படிகம் தடுக்கும். வலிமை சுமார் 400 மெகா பாஸ்கல். உருக்கி அழுத்தியோ, கம்ப்யூட்டர் மில்லிங்கில் கடைந்தோ செய்வார்கள். அமிலத்தில் நன்றாக அரியும் என்பதால் ஒட்டும் நன்றாக வரும். அழகு, வலிமை இரண்டும் வேண்டுமென்றால் இன்று அதிகம் சொல்லப்படுவது இதுதான். வழக்கமாகப் பல்லில் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை எடுக்க நேரும்.

4. சிர்கோனியா: 900 மெகா பாஸ்கலுக்கு மேல் வலிமையுள்ள ரகங்கள் இதில் உண்டு. "அப்ப இதுதானே பெஸ்ட்?" என்று கேட்கத் தோன்றும். நானும் அப்படித்தான் கேட்டேன். "தம்பி, அதுல கண்ணாடி இல்லை. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் அதை அரிக்காது" என்றார் டாக்டரம்மா. அலுமினா மணல் அடித்து, பாஸ்பேட் வகை பிரைமர் பூசித்தான் ஒட்ட வேண்டும். வலிமை மிகுந்த ரகங்களில் வெளிச்சம் ஊடுருவுவதும் குறைவு. ஊடுருவும் ரகங்களில் வலிமை குறைந்துவிடும். கடைவாய்க் கிரவுனுக்கு ராஜா, முன்பல் வெனீருக்கு அவ்வளவு பொருத்தமில்லை. மெட்டீரியலின் வலிமை வேறு, ஜாயிண்டின் வலிமை வேறு என்று நமக்கு வகுப்பில் சொன்னதுதானே!

5. செதுக்காத வெனீர்: 0.3 மில்லிமீட்டர் அளவுள்ள பீங்கான் ஓட்டைப் பல்லைத் தொடாமல் அப்படியே ஒட்டுவது. கேட்க இனிக்கிறது. பல் சிறியதாகவோ, உள்வாங்கியோ, இடைவெளியோடோ இருந்தால் அருமையாகப் பொருந்தும். ஏற்கெனவே எடுப்பான பல்லில் ஒட்டினால் இன்னும் தடித்துத் தெரியும். ஈறு ஓரத்தில் படி விழுந்து அழுக்குச் சேரும். அடர்ந்த கறையும் மறையாது.

பீங்கான் வெனீர்களை எனாமலில் ஒழுங்காக ஒட்டினால், பத்து ஆண்டுக்குப் பிறகும் நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டி நிலைத்திருக்கின்றன என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. நல்ல செய்திதான். ஆனால் நமக்கு வயது பத்தொன்பது, இருபது. அறுபது வயது வரை நாற்பது ஆண்டுகள். பதினைந்து ஆண்டு உழைத்தாலும் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறை பழையதை எடுக்கும்போதும் கொஞ்சம் பல் போகும். இளவயதில் உள்ளே கூழறை பெரிதாக இருப்பதால் ஆழச் செதுக்கினால் நரம்புக்கும் ஆபத்து. ஐம்பது வயதுக்காரருக்குச் சரியான வைத்தியம் நமக்கும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் எது நமக்கு?

டாக்டரம்மா ஒரு பேப்பரில் படிக்கட்டு வரைந்தார். "கீழ்ப்படியில இருந்து ஏறணும். மேலே ஏறினா இறங்க முடியாது" என்றார். இதோ அந்தப் படிகள்.

முதல் படி, பிளீச்சிங். வாயில் பொருந்தும் தட்டில் கார்பமைடு பெராக்சைடு ஜெல் வைத்து, டாக்டர் மேற்பார்வையில் சில வாரங்கள். எனாமல் ஒரு துளியும் செதுக்கப்படாது. கொஞ்ச நாள் கூச்சம் இருக்கும். வெறும் மஞ்சள் நிறப் பிரச்சினைக்கு இதோடு கதை முடிந்துவிடும்.

இரண்டாம் படி, மைக்ரோ அப்ரேஷன். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உராய்வுத் தூளும் கலந்த பசையால் மேற்பரப்பைத் தேய்ப்பது. நம்ம லேப்பிங் மாதிரி. போவது 0.1 மில்லிமீட்டர் அளவு. ஃப்ளூரோசிஸ் பழுப்பு பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டியே இருப்பதால் நன்றாகக் கேட்கும். வெள்ளைத் திட்டுகளுக்கு 2009 முதல் புழக்கத்தில் உள்ள, நீர்த்த பிசினை எனாமலுக்குள் ஊற வைக்கும் முறையும் உண்டு.

மூன்றாம் படி, காம்போசிட். முன் இரண்டிலும் மறையாத கறை, குழி, விளிம்பு உடைசல், சின்ன இடைவெளி இவற்றுக்கு. மாணவப் பருவத்துக்கு ஏற்ற வெனீர் என்றால் இதைத்தான் சொல்லலாம். பின்னாளில் வேலை, வருமானம் வந்த பிறகு பீங்கானுக்கு மாறும் வழி திறந்தே இருக்கும்.

நான்காம் படி, பீங்கான் அல்லது லித்தியம் டைசிலிகேட். கறை ஆழமாக, பரவலாக இருந்து காம்போசிட் ஈடுகொடுக்காதபோது. ஈறு ஆரோக்கியமாக இருக்க வேண்டும், போதிய எனாமல் இருக்க வேண்டும்.

கடைசிப் படி, கிரவுன். பெரிய உடைவு, பெரிய அடைப்பு, வேர் சிகிச்சை செய்து பலவீனமான பல் இவற்றுக்கு. 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், செதுக்குவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தார்கள். வெனீர் வகைகளுக்குப் பல்லின் மேற்பகுதியில் 3 முதல் 30 சதவீதம் வரை போயிற்று. முழுக் கிரவுனுக்கு 63 முதல் 72 சதவீதம்! சொத்தையோ உடைவோ இல்லாத எட்டுப் பல்லில் முக்கால் பங்கை நெருங்கிச் செதுக்கச் சொன்னதைத்தான் நம்மாள் "அடுத்த வாரமே" என்று ஒப்புக்கொண்டு வந்திருந்தான்.

பல் கோணலாக இருப்பதற்கு வெனீர் போடுவதும் இதே தவறுதான். கிளிப் போட்டு நேராக்க வேண்டிய பல்லைச் செதுக்கி நேராகக் காட்டுவது, பெண்ட் ஆன ஷாஃப்டைக் கடைந்து நேராக்குவது போல. நேராகும், மெட்டீரியல் மிஞ்சாது.

இவர்கள் கொஞ்சம் யோசிக்கணும்

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள், நகம் கடிப்பவர்கள், பேனா மூடி மெல்பவர்கள். அப்புறம் நம்ம எலக்ட்ரிகல் நண்பர்கள்! ஸ்டிரிப்பர் பையில் இருக்கும், ஒயரின் இன்சுலேஷனை மட்டும் பல்லால்தான் உரிப்பார்கள். சோடா மூடி திறக்கும் வீரர்களும் உண்டு. பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், இப்படிப் பக்கவாட்டில் இழுத்தால் சில்லு தெறிக்கும். முதலில் பழக்கத்தை விடுங்கள். இரவில் பல் கடிப்பவர்களுக்கு நைட் கார்டு உண்டு.

ஈறில் ரத்தம் வருகிறதா? சொத்தை இருக்கிறதா? முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். துருவை எடுக்காமல் பெயிண்ட் அடிக்கலாமா? பதினெட்டு வயதுக்குள் பீங்கான் வெனீர் பொதுவாக வேண்டாம் என்பார்கள். ஈறு இன்னும் தன் இடத்தில் நிலைத்திருக்காது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

கேட்பதில் வெட்கமே வேண்டாம். ஜாப் நம்முடையது.

– என் பல்லில் எத்தனை மில்லிமீட்டர் எடுப்பீர்கள்? ஒட்டும் இடம் எனாமலில் இருக்குமா?

– எடுக்காமலே செய்ய வேறு வழி உண்டா? பிளீச்சிங்கை முதலில் பார்க்கலாமா?

– எத்தனை பல்லுக்குத் தேவை? ஏன் அத்தனை?

– முடிவு எப்படி இருக்கும் என்று மாதிரி காட்ட முடியுமா? (அமிலம் போடாமல் பல் மேல் தற்காலிகமாக வைத்துக் காட்டிவிட்டு உரித்து எடுத்துவிடலாம்.)

– உடைந்தால் சரிசெய்ய முடியுமா, முழுதாக மாற்ற வேண்டுமா? அதற்குச் செலவு என்ன?

– என்ன மெட்டீரியல், எந்த நிற எண் என்று எழுதித் தருவீர்களா?

இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்பவர் நல்ல டாக்டர். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்பவரிடம் வணக்கம் சொல்லி எழுந்துவிடுங்கள். முறையாகப் பதிவு செய்த பல் மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. பணம் ஒரு தடை என்றால் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைக் கேளுங்கள். வரிசையில் நிற்கணும், இரண்டு மூன்று முறை அலையணும், அவ்வளவுதான்.

வெனீர் போட்ட பிறகும் பல் தேய்க்க வேண்டும். ஓட்டுக்குச் சொத்தை வராது, ஓட்டின் ஓரத்தில் உள்ள பல்லுக்கு வரும். மென்மையான பிரஷ், ஃப்ளூரைடு பேஸ்ட். (ஃப்ளூரோசிஸ் உள்ளவர்கள் பேஸ்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பல் உருவாகும் வயது தாண்டிவிட்டது, துப்பிவிடுகிறோம்.) உப்பு, கரி, செங்கல் பொடி வேண்டவே வேண்டாம். காம்போசிட்டின் பாலிஷ் போய்விடும். கரும்பைக் கடைவாய்ப் பக்கம் தள்ளுங்கள்!

நம்மாள் கதை என்ன ஆச்சு?

செயின் அம்மா கழுத்தில்தான் இருக்கிறது. அவனுக்கு முதலில் மைக்ரோ அப்ரேஷன் செய்தார்கள். பழுப்பின் பெரும்பகுதி அதிலேயே வெளுத்தது. பிறகு சில வாரம் பிளீச்சிங். அது முடிந்து இரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். உடனே ஒட்டினால் எனாமலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் பிசினை இறுக விடாதாம். கடைசியில் நடு இரண்டு பல்லில் மட்டும் மறையாத குழிகள் இருந்தன. அவற்றுக்குக் காம்போசிட். ஃப்ளூரோசிஸ் எனாமலின் மேல்தோல் அமிலத்துக்கு எளிதில் மசியாது என்று கொஞ்சம் கூடுதல் நேரம் அமிலம் வைத்தார்கள். எட்டுக் கேப்புக்குப் பதில் இரண்டு மேல்பூச்சு!

பால் வெள்ளையாக ஆகிவிட்டதா என்றால், இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் ஓரத்தில் லேசான திட்டு தெரியும். ஐந்தாறு வருடத்தில் காம்போசிட்டை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். அவனிடம் கேட்டேன், "திருப்தியாடா?" என்று. "பல்லு என்னோடதாவே இருக்குடா" என்றான். சொல்லும்போது கை வாய்க்குப் போகவில்லை.

நண்பர்களே! கறை பிடித்த பல் குற்றமல்ல. அது ஊர்த் தண்ணீர் எழுதிய கையெழுத்து. அதை மாற்ற ஆசைப்படுவதும் தவறல்ல. ஆனால் மாற்றப் போகுமுன் ஃபிட்டிங் ஷாப் பாடத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். அளவு பார்த்து, குறைவாக ராவி, நிறையச் சிரியுங்கள். இந்த மலரின் கடைசிப் பக்கக் குரூப் போட்டோவில் இரண்டாம் வரிசையைப் பாருங்கள். பல் தெரியச் சிரிப்பவர்களில் ஒருவன் அவன்தான். யாரென்று சொல்ல மாட்டேன்!